பைன் காட்டுக்குப் போன பெரட்டு

சிவசாமிக் கங்காணியிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் அது திருத்தமாக நடக்கும். நடந்தால்.

கந்தப்பளைக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டமொன்றில் அவருக்குக் கீழே இருபது பேர் கொழுந்து எடுத்தார்கள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள்தான் வேலைக்கு வந்ததாக எழுதிவிடுவார். ஒருநாள் சொந்த மனைவி நாகலெட்சுமிக்கே அரைப்பேர் போட்டுவிட்டு, மத்தியானம் அவள் கையாலேயே சோறு வாங்கிச் சாப்பிட்ட தைரியசாலி.

அந்த நாகலெட்சுமிக்கு ஒரே ஓர் ஆசை. மலையுச்சியில், தேயிலை முடிந்து காட்டையும் தாண்டினால், தோட்டம் திறந்த முதல் துரை வைத்த பைன் மரங்கள் கூட்டமாக நிற்கும். நிமிர்ந்து பார்த்தால் தலைப்பாகை விழும் என்று விறகுக்குப் போனவர்கள் சொல்வார்கள். கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்று சிவசாமி வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாகத் திட்டம் போட்டார். மழையென்றால் அட்டை, பனியென்றால் வழி தெரியாது, வெயிலடித்தால் அன்றைக்கென்று தீபாவளி வந்து நிற்கும். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய்தான் அலுத்தது, ஆசை அலுக்கவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒருவழியாக நாள் குறித்தார். இரண்டு பேர் போகவேண்டிய இடத்துக்குப் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அட்டைக்குத் தேய்க்கும் சவர்க்காரம் பக்கத்து வீட்டு ராக்காயிக்கு, ரொட்டிப் பொட்டலம் நாகலெட்சுமிக்கு என்று ஆளுக்கொரு வேலை பிரித்தார். ஞாயிறு காலை அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார்.

"ஏங்க, நாம என்ன கொழுந்தெடுக்கவா போறோம்?" என்றாள் நாகலெட்சுமி.

"பேச்ச விட்டுட்டு வரிசையில நில்லு."

தேயிலையைத் தாண்டிக் காட்டையும் கடந்து, பைன் வாசனை மூக்கில் ஏறிய நேரத்தில் கீழே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. சனிக்கிழமைக் கொழுந்து குவிந்து கிடந்ததால் அங்கே அன்றும் வேலை. தினமும் அந்தச் சங்குக்குத்தான் இவர்கள் கொழுந்து நிறுக்க இறங்குவார்கள். சிவசாமியின் வாய் தன்பாட்டில், "எறங்கு, எறங்கு!" என்றது. கால்களும் திரும்பின. பின்னால் வந்தவர்களும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள்.

முதல் தேயிலை வரிசைக்கு வந்த பிறகுதான் அன்று ஞாயிறு என்பது உறைத்தது. சிவசாமி அசடு வழிந்தபடி ஆள் எண்ணினார். ஒன்று குறைந்தது.

"நாகலெட்சுமியக் காணோம் ஐயா," என்றாள் ராக்காயி. "ரொட்டியையும் காணோம்."

சிவசாமி அங்கேயே திரும்பினார். காட்டுக்குள் தனியாக விட்டுவிட்டோமே என்று விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடினார்.

கிழட்டுப் பைன் மரங்களின் நடுவே, ஊசியிலைகள் மெத்தையாய்க் கிடந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அவள் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இதையா பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட்டோம் என்று சிவசாமிக்கு வெட்கமாகிவிட்டது. அதை மறைக்க மரங்களை நிமிர்ந்து பார்த்தார். தலைப்பாகை விழுந்தது.

"சங்கு ஊதுனது ஒனக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சுங்க. எனக்கு இன்னிக்கு லீவு." கையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிட்டு நீட்டினாள். "நீங்கதான் பிந்தி வந்திருக்கீங்க. ஒங்களுக்கு அரைப்பேருதான்."