ஜமீலா எனக்கு விட்டுவைத்த பக்கம்

கல்லங்குறிச்சியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது ஜமீலாவின் அண்ணன் போன் செய்தார். "விடியக்காலம் மௌத்தாயிட்டாம்மா. ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க." அவள் இறந்த செய்திக்கு நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். "போன்லயும் தலையைத்தான் ஆட்டுவா இவ" என்று அவள் என்னைக் கேலி செய்வது, அவளை அறிந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

பெரம்பலூரில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். சின்ன வெங்காயத்தைச் சேமிக்க இந்தப் பக்கத்து விவசாயிகள் மூங்கிலாலும் குச்சியாலும் கட்டி, கீற்று வேயும் பட்டறைகளை எங்கள் கம்பெனி இரும்பில் செய்கிறது. அவற்றை வரைவது எங்கள் வேலை. என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பேசாமலே இருப்பேன். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்ப் பழைய பட்டறைகளை ஒரு நோட்டில் வரைந்து வருவாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே "ஏன் இப்படி?" என்று எழுதி, கட்டியவர் சொன்ன பதிலைக் குறிப்பாள். ஒருமுறை அவளுடன் ஒரு விவசாயியின் பட்டறையைப் பார்க்கப் போனபோது, கம்ப்யூட்டரில் வரைகிற நமக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"இவரோட அப்பா தரையோட சேத்துக் கட்டி, அடியில எல்லாம் அழுகிப்போயிருக்கு. அப்புறம்தான் கல்லு மேல தூக்கியிருக்காங்க. அது தெரியாம நீ அந்த உசரத்தைக் குறைச்சுட்டு மாடர்ன்னு சொல்லுவ."

"அப்ப பழசையே செய்யச் சொல்றியா?"

"இல்லடி. அவங்க பண்ணின தப்பை விட்டுட்டு, நாம புதுசா ஒரு தப்புப் பண்ணலாம்ல."

சிறுநீரகக் கோளாறால் அவள் முதல்முறை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பூலாம்பாடியில் ஒரு வீட்டுக்குப் பட்டறை வரைந்தேன். நிறைய கொள்ளட்டும் என்று அகலத்தை இரண்டு மடங்காக்கினேன். அவள் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. நடுவில் இருந்த வெங்காயம் முழுதும் அழுகியது. ஈரத்தோடு கொட்டியிருப்பார்கள் என்றார் முதலாளி. "காய வச்சுத்தாங்க போட்டோம். ஓரத்துல நல்லாத்தான் இருக்கு, நடுவுல கையை வுட்டா சுடுது" என்று அந்த வீட்டு அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த ஜமீலா ஒரு பக்கத்தைக் காட்டினாள். என்னைப்போலவே அகலம் கூட்டி, நடுவுக்குக் காற்றுப் போகாமல் அழுகவிட்டு, பிரித்துக் கட்டிய ஒருவருடைய பட்டறை. அடுத்த வெற்றுப் பக்கத்தில் "பூலாம்பாடி" என்று மட்டும் எழுதினாள்.

"இதை நான் எழுத மாட்டேன். நீதான் எழுதணும்."

ஆறு மாதம் நான் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை. அவ்வப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள்.

அவள் போன மறுவாரம் திருமானூரிலிருந்து ஆர்டர் வந்தது. "அகலமாவே போடும்மா. போன தடவை நனைஞ்சதைப் போட்டதாலதான அழுகுச்சு" என்றார் முதலாளி. என் தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. நிறுத்தினேன்.

"நனையல சார். நான் போட்ட அகலம்தான் தப்பு."

"ஆறு மாசமா எங்க போயிருந்துச்சு இந்த வாய்?"

அவள் மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். நின்றபடியே படித்தார். "பூலாம்பாடிக்கு நாம ஒரு தடவை போகணும்" என்றார்.

போனோம். அந்த அம்மாவிடம் என் தவற்றை நானே சொன்னேன்.

திருமானூருக்கு இப்போது குறுகலான இரண்டு பட்டறைகளை, நடுவே காற்றுக்கு இடம் விட்டு, ஒரே கூரையின் கீழ் வரைந்திருக்கிறேன். அந்த நோட்டில் எங்கும் இல்லாத வடிவம். ஆனால் அந்த நோட்டு இல்லாமல் எனக்கு வந்திருக்காது.

பூலாம்பாடிப் பக்கத்தை எழுதி முடித்து, கீழே என் பெயரைப் போட்டேன். ஜமீலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நோட்டைத்தான். அடுத்த பக்கத்தில் "திருமானூர்" என்று எழுதி இடம் விட்டிருக்கிறேன். அங்கே எது தவறினாலும் அதை எழுத இந்த முறை ஆறு மாதம் ஆகாது.