பழவேற்காட்டுக்கு ஒரு வண்டி கீரை

ஆவணி மாதக் கடைசியில், ஒரு குட்டியானை வண்டி நிறையக் கீரை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றுக்குப் போய் வந்தேன். இதேபோலப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல், போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் ஒன்று விடாமல் வரும்.

எங்கள் ஊர் பெரியபாளையத்துக்குப் பக்கம். ஆடி மாதம் கோயில் வாசலில் என் மனைவி கன்னியம்மா கீரை விற்றுக்கொண்டிருந்தாள். அம்மனைக் கும்பிட வந்த தேசம்மா என்ற மீனவப் பெண் கூடையோடு மொத்தத்தையும் கேட்டாள். இவ்வளவையும் என்ன செய்வாய் என்றேன்.

"எங்க குப்பத்துப் பசங்க கீரைன்னாலே மஞ்சக் கலர்னு நெனச்சிக்கினு இருக்குதுங்கண்ணே. எங்க கைக்கு வர்றதுக்குள்ள பழுத்துடுது. உருளக்கெழங்கு, வெங்காயம், அவ்ளோதான் எங்க காய்கறி. நர்ஸம்மா ரத்தம் கம்மி, கீரை துன்னுன்றாங்க. கீரைக்கு எங்க போறது?"

எங்கள் கதை அதைத் திருப்பிப் போட்டது. நெல்லும் கீரையும் விளைகின்றன. மீன் மட்டும் ஐஸ் உருகி, கண் வெளுத்து வந்து சேரும். சோறு, ரசம், ஊறுகாயோடு நாளை ஓட்டுகிறோம். எங்கள் ஊர் நர்ஸம்மாவும் அதற்காகத் திட்டாத நாளில்லை. கீரையைக் கொடுத்து மீனை வாங்கினால் என்ன? எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் மீன் சட்டி அடுப்பேறாது. அதற்குள் ஒரு நடை பார்த்துவிட வேண்டும். ஐந்து வீட்டுப் பெண்கள் கொல்லையிலும் வரப்பிலும் இருந்த முருங்கைக்கீரை, சிறுகீரை, புளிச்சகீரையைப் பறித்துக் கட்டித் தந்தார்கள். கன்னியம்மா மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இத்த வழியில கொட்டிட்டு வந்தேன்னு வை, அடுத்த தபா ஒரு காம்பு கூட எவளும் தரமாட்டா. நானும்தான்."

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். போக வர வாடகை 1,800 ரூபாய். ஓட்டுநர் ஏழுமலை எங்கள் ஊர்ப் பையன்தான், நாற்பது வயது. ஆரணி, புதுவாயல், பொன்னேரி, பழவேற்காடு என்று சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். (இந்த ஆரணி நம் பக்கத்து ஆரணி, பட்டுப்புடவை ஆரணி இல்லை.) புதுவாயலில் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்களும் லாரிகளும் வழிவிடாமல் போய்க்கொண்டே இருந்தன. நான் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். "நைனா, நீ படிக்கிறதுக்குள்ள பலகை பின்னாடி பூடுது," என்றான் ஏழுமலை. போகட்டும், அடுத்த பலகை வருமே!

பழவேற்காடு தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தார்ப்பாய்க்குள் கைவிட்டால் கீரை சூடாக இருந்தது. சாலையை ஒட்டியே தண்ணீர், கண்ணுக்கு எட்டும் வரை. நெல் பயிரிடுகிறவனுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். வாளியில் மொண்டு மொண்டு கட்டுகள் நனைய ஊற்றினேன். ஏழுமலையும் ஒரு கை ஊற்றினான்.

தேசம்மாவின் குப்பத்துக்குப் போனபோது மணி ஏழரை. தெருவே காலி. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு ஓணும்? இன்னிக்கு எங்க பாடு. ஊடு ஊடா பூட்டிக்கினு எல்லாம் கரைக்குப் போய்க்கிறாங்க."

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்க ஒவ்வொரு குப்பத்துக்கும் முறை உண்டு. அதைத்தான் பாடு என்கிறார்கள். எங்கள் ஊரில் மதகுத் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். தண்ணீர் முறை வந்த நாளில் என் வீட்டு வாசலில் யார் எதை விற்றாலும் நான் திரும்பிப் பார்ப்பேனா? கேட்டு வராதது என் தப்பு.

இருந்தாலும் வண்டியைக் கரைக்கு விட்டோம். தேசம்மா மடவை மீனையும் இறாலையும் பிரித்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயை நீக்கினால், கீரை துவண்டு துணி போலக் கிடக்கிறது. ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தவள், கரையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"ஏரித் தண்ணியவா ஊத்துன? இன்னாண்ணே, கீரையில கருவாடு போட வந்தியா?"

"நானும்தான் ஊத்துனேன்," என்று ஏழுமலை தலையைச் சொறிந்தான்.

அந்த ஏரியில் கடல் கலப்பதால் தண்ணீர் கரிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை அதை யோசிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கன்னியம்மா சொன்னதுதான் காதில் ஓடியது.

தேசம்மா நகரவில்லை. "கெட்டுப் போவலடி, சுருங்கிக்கிது, அவ்ளோதான். இப்பவே ஆக்கினா ஆச்சு," என்று லாரித் தண்ணீரில் ஒரு குடம் எடுத்து முருங்கைக்கீரையை இரண்டு முறை அலசினாள். அங்கே நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். ஒரு குடம் என்பது சின்ன விஷயமில்லை. கரையிலேயே மூன்று கல், ஒரு அலுமினியச் சட்டி, இறால், பூண்டு, காய்ந்த மிளகாய். பக்கத்தில் இருந்தவள் உப்பு டப்பாவை நீட்டினாள்.

"கம்மியா போடு. அண்ணன் ஊர்லேர்ந்தே போட்டுக்கினு வந்துட்டாரு."

சட்டி காலியாக நேரம் ஆகவில்லை. ஒரு சின்னப் பெண் பச்சையாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்து, பிறகு இரண்டாவது கை அள்ளினாள். அப்புறம் கூடைகள் வண்டியைச் சுற்றி வந்தன. மூன்று கட்டுக்கு ஒரு கூறு மீன் என்று தேசம்மாவே பேசி முடித்தாள். நடுவிலிருந்த நனையாத கட்டுகளுக்கு ஒரு சின்னச் சண்டையே நடந்தது.

பாடு நாளில் வந்து தொந்தரவு செய்துவிட்டேன், அடுத்த முறை வேறு நாளில் வருகிறேன் என்றேன்.

"மத்த நாள்ல வந்தா எங்க கையில இன்னா இருக்கும்? டப்பும் இருக்காது, மீனும் இருக்காது. பாடு அன்னிக்கே வா. ஊட்டுக்கு வராத, கரைக்கு வா."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குப்பத்தின் பாடு என்றைக்கு என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள். எட்டு மணிக்குள் கரையில் இருங்கள். கீரைக்குத் தெளிக்க வீட்டிலிருந்தே இரண்டு குடம் தண்ணீர், அவர்களுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு குடம் ஏற்றுங்கள். திரும்பும்போது மீனுக்கு ஐஸ் பொன்னேரியில் வாங்கலாம் என்று இருக்காதீர்கள், கரையிலேயே வாங்குங்கள். ஒரு நடையில் யாருக்கும் ரத்தம் ஊறிவிடாது. விடாமல் போக வேண்டும்.

மதியத்துக்குள் ஊர் சேர்ந்தோம். கன்னியம்மா முதலில் பார்த்தது வண்டிக்குள்ளேதான். கீரை ஒரு கட்டும் இல்லை. ஒரு மடவையை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், ரத்தச் சிவப்பு. ஐந்து வீட்டுக்கும் பங்கு வைத்து முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அவங்களுக்குப் பாடு மறுபடி என்னிக்கு வருதாம்?"