பட்டி கிடந்த இடத்து மண்புழு

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பாபநாசத்துக்கு மேலே மலைக்காட்டில், காட்டிலாகா துரை ஒருவரிடம் நான் எழுத்தராக இருந்தேன். தேக்கு நட இடம் பார்க்க வந்த துரை, ஒரு சரிவில் குனிந்தவர் நிமிரவே இல்லை. தரையெல்லாம் மண்புழு கக்கிய மண் குட்டிக் குட்டிக் குவியலாகக் கிடந்தது. ஒரு கைப்பிடி மண்ணில் நாலு புழு நெளிந்தது. மனிதக் காலே படாத மண், மலை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று அவராகவே தீர்மானித்துவிட்டார்.

காலே படாத மண்ணாம்! போன வருஷம் வரை அங்கே மாட்டுப்பட்டி கிடந்தது. மலையில் மாடு மேய்ப்பவர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பட்டியைப் பிடுங்கி வேறிடத்தில் கட்டுவார்கள். அந்தப் பட்டிக்காரன் என் ஊர்க்காரன், தாமிரபரணியில் என்னோடு தூண்டில் போட்டு வளர்ந்தவன். புழு எங்கே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாததா?

"சாணியும் மூத்திரமும் ஊறுன இடத்துலதாம் வே புழு ஏறி வருது. இருவது தப்படி தள்ளித் தோண்டிப் பாரும், ஒண்ணு கெடைக்காது" என்றான்.

தோண்டினேன். சரளைதான் வந்தது.

துரையிடம் போய்ச் சொன்னேன். காட்டை அழிக்கிறவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருகிறாயா என்று என்மேல் பாய்ந்தார். தான் சொல்வதை மட்டும் எழுதச் சொன்னார்: இது வளமான காட்டு மண், மாடுகள் இதைக் கெடுக்காமலிருக்கப் பட்டிகளை எல்லாம் உடனே அகற்ற வேண்டும். அந்த மண்ணை ஆக்கினதே மாடு, அந்த மாட்டையே விரட்டுகிறார்கள்! இது எந்த ஊர் நியாயம்? வேலை போய்விடுமே என்ற பயத்தில் நானும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கு அந்தச் சரிவில் மட்டும் தேக்கு கிடுகிடுவென்று ஏறியது. மற்ற இடத்தில் நட்டதெல்லாம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. மாடு மேய்ந்துவிட்டது என்று துரை அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். மலையில் அப்போது ஒரு மாடுகூட இல்லை.

ஆனால் என் ஆத்திரமெல்லாம் துரைமேல்தான் என்றால் அது பொய். அகற்றும் உத்தரவு வந்த அன்று, வாசிக்கத் தெரியாத அவன் அதை என்னிடமே கொண்டுவந்தான். அதையும் எழுதியது நான்தான்; என் கையெழுத்தை நானே அவனுக்கு வாசித்தேன்.

கடைசிவரை கேட்டுவிட்டு, "மேல போன கடுதாசியில புழு சங்கதிய எழுதுனீரா வே?" என்றான்.

"எழுதினேன்" என்றேன்.

அவன் நம்பினான். "நீரு என்ன செய்வீரு, பாவம்" என்று சொல்லிவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு மலையிறங்கினான்.