நாலு விரல் குட்டை

என் பெண்சாதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவள் கையில் ஓர் அலுமினியத் தடி இருந்தது. அடிப்பக்கம் வரிசையாக ஓட்டைகள், ஒரு பட்டன். அழுத்தினால் நீளும், குறையும். வார்டில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பலாபத்வலையில் கைத்தடிக்காரன் வீடு எது என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூட கையை நீட்டிக் காட்டுவான். அந்த வீட்டு வாசலில், அந்தக் கைத்தடிக்காரனின் பெண்சாதி, குடைக்கம்பி மாதிரி ஒன்றை ஊன்றிக்கொண்டு வேனிலிருந்து இறங்குகிறாள். எதிர்ப்பக்கம் வெற்றிலைக் கடையில் நின்ற நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆணி வைத்திருந்தது. நான் தடியைத்தான் பார்த்தேன்.

நான் ரத்தொட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவன். தச்சனையும் மேசனையும் எங்கள் பக்கம் பாஸ் என்று கூப்பிடுவார்கள். நான் தோட்டத்துப் பாஸ். பங்களா ஜன்னல், தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற தட்டு, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையை விடுகிற பிள்ளைக் காம்பராவில் தொட்டில் மாட்டுகிற சட்டம், எல்லாம் என் கைவேலை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாராவது செத்தால் பெட்டி அடிப்பதும் நானே. அவள் அதே தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தாள். இரண்டு பேரும் வேலையிலிருந்து நின்றதும், மகள் பலாபத்வலையில் வாங்கிய துண்டுக் காணிக்கு, யாழ்ப்பாண ரோட்டோரமாக, குடிவந்துவிட்டோம்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு கோப்பிக் கம்பில் கைத்தடி செய்தேன். பக்கத்து வாசனைச் சரக்குத் தோட்டத்தைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது, வாசலில் ஒரு கடையும் போட்டேன். கம்பை நிழலில் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காயவிட வேண்டும். நெருப்பில் வாட்டிக் கோணல் எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, செதுக்கி, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் கைக்கு வழவழவென்று வரும். வெள்ளைக்காரர்களுக்குக் கைப்பிடியில் கிளி வேண்டும், மயில் வேண்டும், படமெடுத்த நாகம் வேண்டும். லக்கலவிலிருந்து வந்த ஒரு கமக்காரர் நாகத்தைப் பார்த்துவிட்டு, "காட்டுல இருக்கிறது போதாதா பாஸ், கையிலயும் ஒண்ணு எதுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். அவருக்கு மொட்டையாகவே ஒன்று செய்து கொடுத்தேன்.

செதுக்குவது பார்க்கிறவர் கண்ணுக்கு. நடக்கிறவருக்கு நீளம்தான் முக்கியம். இதை நான் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பிரசங்கம் செய்வேன். போட்டு நடக்கிற செருப்போடு நிமிர்ந்து நிற்க வேண்டும், கையைத் தொங்கவிட வேண்டும், மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் அறுப்பேன். ரோட்டு மதகு வரைக்கும் நடக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு கிழமை கழித்து வரச் சொல்லி, தேவையானால் அடியில் கொஞ்சம் எடுப்பேன். தடியை வெட்டலாம், ஒட்ட முடியாது. ஊருக்கு உபதேசம் என்பது இதைத்தான்.

ஏனென்றால் அவளை மட்டும் நான் அப்படி அளக்கவில்லை. அளக்க அவள் விடவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. நான் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அத உள்ள வைங்க. எத்தன பேர அதால அளந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

"அது வேற டேப்பு. தோட்டத்துலயே குடுத்துட்டு வந்துட்டேன்."

"கை அதே கைதானே" என்றாள்.

லயத்தில் பெட்டிக்கு அளவெடுக்க நான் நுழையும்போது வாசலில் நிற்கிற பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். என் டேப் உயிரோடிருப்பவர் மேல் படக் கூடாது என்று ஒரு பயம். அவளும் அந்தப் பெண்களில் ஒருத்திதான். ஆபரேஷன் முடிந்து வந்தவளிடம் வாதாட எனக்கும் மனம் வரவில்லை. நான் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, என் கண்ணே எனக்கு டேப் என்று சொன்னேன். அந்தத் தலைக்கனம்தான் மீதிப் பாதி.

ஒரு கிழமை அவள் முற்றத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுமினியத் தடியில் அவள் கை தூக்கலாக நின்றது, முழங்கை வெளியே துருத்தியது. நாலு விரல் நீளம் அதிகம் என்று கண்ணால் கணக்குப் போட்டேன். வார்டுக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவள் வலியில் குனிந்து நடக்கிறாள், வலி போனால் நிமிர்வாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்கு வருகிற எவரையும் குனிந்தபடி அளக்க விடாத எனக்கு, வீட்டில் ஒருத்தி குனிந்து நிற்பது தெரியவில்லை.

அதைவிட நாலு விரல் குட்டையாக அவளுக்கு நானே ஒரு தடி செய்தேன், அதற்குப் பட்ட பாட்டை வேறெதற்கும் பட்டதில்லை. எங்கள் பழைய தோட்டத்தில் வெட்டாமல் விட்ட ஒரு மலையில் தேயிலை மரமாக வளர்ந்து கிடக்கிறது. அதில் நேரான கிளை ஒன்றை முன்பே வெட்டிக் காயவைத்திருந்தேன். அவள் கொழுந்து எடுத்த மலை அது. கைப்பிடியிலிருந்து அடிவரைக்கும் கொடி மாதிரி இரண்டு இலையும் மொட்டுமாகச் செதுக்கினேன். நீட்டியபோது அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் இதத்தானே புடிச்சிக்கிட்டு நின்னேன். இதுலயும் கொழுந்தா? ஒரு பலாப்பழம் செதுக்கியிருக்கக் கூடாதா?" என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அலுமினியத் தடியை மகள் வார்டில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் அந்தத் தடியை வாங்கிக் காட்டுவேன். டேப் படாமல் கண்ணாலேயே எடுத்த அளவு என்று சொல்லாமல் விட்டதில்லை. அவள் நின்றுகொண்டிருப்பாள், தடி என் கையில் இருக்கும். சில நேரம் நான் பேசி முடிக்கும்வரை அவள் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

இடுப்பு நன்றாகவே பொருந்தியது. ஆனால் முதுகு குனியத் தொடங்கியது. முதல் வருஷம் கொஞ்சம், பிறகு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. தோள்பட்டை வலி என்றாள், தைலம் தேய்த்துவிட்டேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். அவள் அறுபதுக்கு மேல் வளைந்தாள். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. நெற்றியில் கயிற்றைப் போட்டு, முதுகில் கூடையைச் சுமந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற முப்பது வருஷம் இப்போது வட்டியோடு வாங்குகிறது என்று சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். தோட்டத்தை நான் ஏசாத நாளில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஏசுவதற்கு ஓர் ஆள் இருந்தால் மனிதன் வேறு எங்கும் தேட மாட்டான்.

ஐந்து வருஷம் போனது. சென்ற வருஷம் தோள் வலி தாங்காமல் மகள் எங்களை மாத்தளைக்கு, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மகளைவிட வயது குறைவு. என் பெண்சாதியை நடக்கச் சொல்லிப் பார்த்தவள், தடியை வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

"ஆர் ஐயா இதைச் செய்தது? நல்ல வடிவாக் கிடக்கு."

"நான்தான்" என்றேன். நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்திருக்கும். கண்ணால் எடுத்த அளவு என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

"அம்மாவுக்கு இது காணாது ஐயா. கட்டையாக் கிடக்கு. எவ்வளவு காலமா இதோட நடக்கிறா?"

பிறகு அவள் டேப்பை எடுத்து, "அளந்து பாக்கவோ அம்மா?" என்று கேட்டாள். என் பெண்சாதி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "பாரு மகள்" என்றாள். சுவரில் முதுகைச் சாய்த்து, முடிந்த மட்டும் நிமிர்த்தி, கையைத் தொங்கவிட்டு, நான் கடையில் செய்கிற அதே மாதிரி அந்தப் பிள்ளை அளந்தாள். குறைவது சரியாக நாலு விரல்.

"கூடை சுமந்ததும் ஒரு காரணந்தான், வயசும் காரணந்தான். எல்லாம் தடியாலதான் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்து. "ஆனா இடுப்பு சுகமானதோட இவ நிமிர்ந்திருக்க வேணும். தடி நிமிர விடேல்லை."

எத்தனையோ பேருக்கு நான் சொன்ன பாடத்தை ஒரு சின்னப் பிள்ளை எனக்குச் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தோம். "ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், எனக்குக் கவலையில்லை. அவள் வெளியே மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு, "விடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அந்த மௌனத்துக்கு நானே அர்த்தம் கண்டுபிடித்தேன். ஊர் முழுக்கப் பெருமை பேசுகிற புருஷனின் பெருமையைக் கெடுக்க வேண்டாம் என்று, ஐந்து வருஷம் தடிக்கு ஏற்றபடி தன்னை வளைத்துக்கொண்டாள். மகளிடம் அப்படித்தான் சொன்னேன். வெற்றிலைக் கடைக்காரரிடமும் சொன்னேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெய்வம் மாதிரி பெண்சாதி என்றார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழ அழ மனம் கொஞ்சம் லேசானது.

புதிய தடியை அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த அளவுக்குச் செய்தேன். கோப்பி மரம், ஒரு கீறல்கூடச் செதுக்கவில்லை. தினமும் காலையில் அவளைச் சுவரோடு நிறுத்துவேன். குதிகால் சுவரில் படும், இடுப்பு படும், தோள் படாது, தலை படவே படாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். தடி சரியான நீளம், பிடிக்கிறவள்தான் குனிந்திருந்தாள். அவள் கை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி நின்றது. நடந்தால் தோள் இன்னும் வலித்தது. ஒரு தடவை மதகருகே தடுக்கி விழப்பார்த்தாள். மூன்று மாதம் நாங்கள் விடவில்லை. நிமிர்ந்துவிடுவாள் என்று நான் கோயிலில் நேர்த்திக்கடனும் வைத்தேன். மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை மெதுவாக, "இனி இவவை நிமித்த ஏலாது ஐயா. இருக்கிற உயரத்துக்கு வெட்டிக் குடுங்கோ, விழாமலாவது நடக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை முற்றத்தில் பலகையைப் போட்டு மரம் அறுக்கிற வாளை எடுத்தேன். அவள் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடாமல் இருக்கத் தடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். வாள் பாதி இறங்கியபோது எனக்குத் தாங்கவில்லை.

"அஞ்சு வருஷம் எனக்காக வாய மூடிக்கிட்டுக் கெடந்தியே" என்றேன்.

"யாரு வாய மூடினா?" என்றாள் அவள். "நான் சொன்னேனே."

"எப்ப?"

"தையல் பிரிச்சு மூணு மாசத்துல சொன்னேன். நோவு விட்டுருச்சி, இப்ப தடி பத்தல, குனிய வைக்குதுன்னேன். பொறகு தைப்பொங்கலுக்கு முன்னாடி ஒருக்கா. ரெண்டு தடவ சொன்னேங்க."

"நான் என்னா சொன்னேன்?"

"முப்பது வருஷம் கூடை தூக்குன முதுகு, அதுக்குத் தடி என்னா பண்ணும்னீங்க. ரெண்டாவது தடவ ஏசினீங்க. ஆளுங்க இருந்தாங்க. பொறகு நான் சொல்லல."

அவள் குரலில் கோபமில்லை. வீட்டில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"பஸ்ல கேட்டேனே, அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

மீதியையும் அறுத்து முடித்தேன். அடியில் ரப்பரை மாட்டி அவளிடம் கொடுத்தேன், அவள் ஊன்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சொல்லியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை, அது என் வாயில் வருகிற வார்த்தைதான், எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். ஆனால் அவள் என் பக்கத்தில் வந்து நின்று தடி பத்தவில்லை என்று சொன்ன அந்த இரண்டு தடவையும், எவ்வளவு யோசித்தும், எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.