மழை விட்டதும் பாருங்கள்

எங்கள் வீட்டில் அமெரிக்காவுக்குப் போன முதல் ஆள் அண்ணன். இன்டர்நெட்டுக்குப் போன முதல் ஆள் அப்பா. அண்ணன் போகும்போது கல்கத்தா சாந்தினி மார்க்கெட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய தன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அம்மா அதற்கு உறை தைத்துப் போட்டாள், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அதைத் தொட்டு வேலை வாங்கியது அப்பாதான்.

அப்பா தூத்துக்குடிக்காரர். துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை அள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் பெரிய கப்பல்கள் தரைதட்டி நின்றுவிடும். அப்படி மண்ணள்ளும் கப்பல் ஒன்றின் இன்ஜின் அறையில்தான் அப்பாவின் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. இன்ஜின் சத்தத்தில் காது பாதி போயிற்று. காதைக் காட்டியே சீக்கிரம் ஓய்வு வாங்கிக்கொண்டு, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த முதல் மாடியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த மனிதருக்குப் பொழுது போகவேண்டுமே! மவுஸைப் பிடித்தார்.

படம் வரையக் கம்ப்யூட்டரோடு வரும் சாதாரணப் பெயிண்ட் மென்பொருள்தான். படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு நிறம் வைப்பார். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு புகைபோக்கி முடிந்திருக்கும். கிதிர்பூர் கப்பல்துறைக்கு வந்துபோன கப்பல்களையெல்லாம் நினைவிலிருந்து வரைந்தார். இழுவைப் படகு, எண்ணெய்க் கப்பல், விஸ்வகர்மா பூஜைக்கு மாலை போட்டு நிற்கும் கிரேன். நான் அப்போது பவானிபூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏட்டி, இங்க வா, இத ஒரு பார்வ பாரு" என்று குரல் வந்துவிடும். பசி வயிற்றைக் கிள்ளும்போது யாருக்குக் கப்பல் பார்க்கத் தோன்றும்? ஆனால் பார்த்தால் நகர முடியாது. அவ்வளவு நன்றாக இருக்கும். என் அப்பா என்பதற்காகச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த குறுந்தகட்டில் வெப்சைட் செய்யும் மென்பொருள் இருந்தது. அதை வைத்து இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளத்தில் அப்பா தன் கப்பல்களுக்கு வீடு கட்டினார். பக்கத்தில் படத்தைக் கொண்டுவந்து வைத்து, அடியில் கப்பலைப் பற்றி இரண்டு வரி எழுதி, பக்கத்தை மேலே அனுப்பினால் முடிந்தது. எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டாள். "உம் மவன் பாக்கட்டும். அப்பன் என்ன வேல பாத்தாம்னு அவனுக்கு எங்க தெரியும்? ஒரு நாளாவது கப்பலுக்கு வந்திருப்பானா?" என்றார். அதுதான் காரணம். உலகம் முழுக்கப் பார்க்கும் என்பதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்ட ஆசை.

அந்தக் காலத்து நெட்டை இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். மோடம் கீச்சிட்டு லைன் கிடைப்பதற்குள் காபி ஆறிவிடும். லைன் கிடைத்தால் டெலிபோன் செத்துவிடும். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ் வீட்டு வங்காளி அம்மாளுக்கு வரும் அழைப்புகளும் எங்கள் போனில்தான் வரும் என்பதால் அவர் மாடிப்படியில் நின்று வங்காளியில் சத்தம் போடுவார். மற்றவர்களின் சைட்டில் ஒரு படம் வர, மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்க, காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போகும். அப்பாவின் சைட் மட்டும் அப்படியில்லை. தட்டினால் கப்பல்கள் வந்து நிற்கும். "பாத்தியா? நம்மது மட்டும் டக்குன்னு வருது" என்பார். மேலே அனுப்பும்போதும் இதே கதைதான், ஒரு நொடியில் போய்விடும். எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். என்ன அறிவோ!

சைட்டில் விருந்தினர் புத்தகம் என்று ஒரு பக்கம் உண்டு. பார்க்க வருபவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் சைட்டுக்கு நாமும் போய் இரண்டு வரி எழுதவேண்டும். அதுதான் அப்போதைய மரியாதை. அம்மா கேட்டுவிட்டு, "கல்யாணத்துல மொய் எழுதுற மாதிரில்லா இருக்கு" என்றாள். அப்பா ஒரு வீட்டையும் விடவில்லை. பிரேசிலில் பூனைப் படம் போடும் ஒரு பெண், பின்லாந்தில் கலங்கரை விளக்கம் வரையும் ஒருவர், எல்லாருக்கும் போய் எழுதினார். அவர்களும் வந்து எழுதினார்கள். அருமையான சைட், அழகான வேலை, தொடர்ந்து செய்யுங்கள். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் படம் எதுவும் தெரியவில்லையே என்று எழுதியிருந்தார். அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. கல்கத்தாவில் எது வராவிட்டாலும் குற்றவாளி லைன்தானே? மழை பெய்தால் தெருவுக்கடியில் கேபிள் நனைந்து எங்கள் பேட்டைப் போன்கள் மொத்தமும் ஊமையாகிவிடும். பாவம், அவர் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று, "மழை விட்டதும் திரும்பப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் பதில் எழுதினார்.

அண்ணனும் எழுதியிருந்தான். சூப்பர்ப்பா, ரொம்ப நல்லா இருக்கு. அப்பா அந்த ஒரு வரியை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், மாஷிமாவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் வரும். அப்பாவுக்குக் காது சரியாகக் கேளாததால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவோம். அப்படி ஒரு ஞாயிறு, எந்தப் படம் பிடித்தது என்று அப்பா கேட்டார். அண்ணன் கொஞ்சம் யோசித்து, "கடைசியா இருக்கே, அதுதாம்ப்பா" என்றான். கடைசியாக இருந்தது அப்பாவின் மண்ணள்ளும் கப்பல். பார்க்க லட்சணமே கிடையாது, துருப்பிடித்த பெட்டியின் மேல் இரும்புக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். சைட்டிலேயே போடவேண்டாம் என்று அம்மா கேலி செய்த படம். அத்தனை கப்பல் இருக்க மகன் அதைச் சொல்லிவிட்டான். போனை வைத்ததும் அப்பா பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வேறு படம் ஏது? அந்தக் கப்பலையே இன்னும் பெரிதாக, முதலிலிருந்து வரையத் தொடங்கினார். கப்பல் சீக்கிரம் முடிந்துவிட்டது, தண்ணீர்தான் முடியவில்லை. ஹூக்ளியின் நிறம் அகப்படாமல் ஆட்டம் காட்டியது. டீ நிறமும் இல்லை, செம்மண்ணும் இல்லை. ஒரு நாள் படித்துறைக்குப் போய்ப் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் பிடித்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கலக்குவார், பார்ப்பார், ஒரு கட்டத்துக்கு நிறம் வைப்பார். அம்மா அதைக் கங்கா ஜலம் என்று எடுத்துப்போய் சாமி அலமாரியில் வைத்துப் பூவும் போட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டில் நடந்த யுத்தத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கடைசியில் அந்தப் பழுப்பைப் பிடித்துவிட்டார். திரையில் பார்த்தால் சேற்று வாசனை வரும்போல இருந்தது. பழைய படத்தை எடுத்துவிட்டு இதை வைத்தார். அண்ணனிடம் சொன்னார். "பாத்தேம்ப்பா, கலக்கிட்டீங்க" என்றான் அண்ணன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கால்பைசாகி அடித்தது. கல்கத்தாவின் கோடைப்புயல் தெரியுமே, சொல்லாமல் வந்து வாசல் கதவைப் பெயர்க்கும். இடி எங்கள் டெலிபோன் கம்பி வழியாக இறங்கி மோடத்தைச் சுட்டது, அதோடு உள்ளே எல்லாவற்றையும் சுட்டது. சாந்தினிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, அதிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என் முதுகில் தட்டினார். "எதுக்குட்டி அழுத? பெட்டிதானே போச்சுது. படம்லாம் நெட்டுல பத்திரமா இருக்கு. இடி அங்க போய் விழுமா?"

என்னைத் தேற்றவே லேக் மார்க்கெட்டில் புதிதாகத் திறந்திருந்த சைபர் கஃபேக்குக் கூட்டிப்போனார். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்ததால் அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவேண்டிய தேவையே வந்ததில்லை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கோயிலுக்குப் போவதுபோல. சைட்டின் விலாசத்தை நான் தட்டினேன். தலைப்பு வந்தது. அடியில் அப்பா எழுதிய வரிகள் வந்தன. கப்பல் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம், மூலையில் ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி. அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"லைன் சரியில்ல போல" என்றார் அப்பா. கடைக்காரரிடம் வங்காளியில் கேட்டார். லைன் நன்றாகத்தானே இருக்கிறது காக்கு என்று கடைக்காரர் வேறு ஏதோ சைட்டைத் திறந்து காட்டினார். அதில் படங்கள் இறங்கின. நான் ஒரு வெற்றுக் கட்டத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி, படம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சி டிரைவ், மை டாக்குமென்ட்ஸ், கப்பல்.

அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் விலாசம். அப்பா மேலே அனுப்பியதெல்லாம் வெறும் எழுத்து. படங்கள் ஒன்றுகூட வீட்டை விட்டுக் கிளம்பவேயில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பக்கம், படம் உன் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் அது நிஜமாகவே இருந்தது, டக்கென்று வந்தது. வருஷக்கணக்கில் அந்தக் கப்பல்களைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. அவரே அந்த விலாசத்தை வாய்க்குள் படித்தார். இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய மனிதர், புரிந்துகொண்டார். பிறகு விருந்தினர் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். அழகான வேலை. அருமையான நிறங்கள். சூப்பர்ப்பா, ரொம்ப நல்லா இருக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூனைக்காரியை விடுங்கள், அவள் யாரோ. இவன்? "இப்பவே அவனுக்கு மெயில் போடுதேன்ப்பா. நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கேன்" என்றேன்.

"போடக்கூடாது."

"ஏம்ப்பா? அவன் ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே சரி பண்ணிருக்கலாமே!"

"நான் சங்கடப்படுவேன்னு சொல்லாம இருந்திருக்கான். ஒரு வீட்டுல காப்பி குடிச்சா நல்லாருக்குன்னுதான சொல்லுதோம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்ட்ட நீ ஒண்ணும் கேக்கக்கூடாது. எம்மேல சத்தியம்."

சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் என்ன செய்வேன்? படத்தை மீட்கவும் வழியில்லை, அவனைத் திட்டவும் வழியில்லை. இருவரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மாவிடம் மட்டும் சொன்னோம். அவள் சாமி அலமாரிக்கே திரும்பியிருந்த ஆற்றுத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா எடுத்து, இடி விழுந்ததை மட்டும் சொன்னாள். அப்பா ஸ்பீக்கரைத் தட்டினார். நான் வாயை இறுக்கிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"கம்ப்யூட்டர் போச்சாமேப்பா? படம்லாம்?"

"போச்சுதுய்யா. பரவால்ல. நீதான் எல்லாம் பாத்துட்டியே."

"ஆமாம்ப்பா, எல்லாம் பாத்தேன்."

அப்பா போன் பக்கம் குனிந்தார். கேட்கவேண்டாம் அப்பா, விட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். கேட்டுவிட்டார். "அந்த மண்ணள்ளுற கப்பல் ஞாபகம் இருக்காய்யா?"

"அது மறக்குமாப்பா? அந்தத் தண்ணி இருக்கே, அப்படியே நீலமா, தகதகன்னு! நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு."

அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள். அப்பா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இன்னும் குனிந்தார்.

"ஆமாய்யா, நீலந்தான்" என்றார். "அங்க இப்ப ராத்திரியாச்சே, சாப்ட்டியா?"