ஷாகுலின் கைத்தோல்

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பதினைந்து வருடமாகச் சினிமாவுக்குப் பொய்க் காயமும் பொய் ரத்தமும் செய்கிறவள் நான். அறுந்த தலையை மடியில் வைத்துக்கொண்டு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டிருக்கிறேன். பேய், பிசாசு என்றால் சிரிப்புதான் வரும்.

போன வருடம் ஓர் இயக்குநர் கூப்பிட்டார். மனித உடம்பு உருக்குலைவதையே படமாக எடுத்துப் பேர் வாங்கியவர். கதாநாயகன் தன் கைத்தோலைக் கையுறை மாதிரி உரித்துப் போடுகிற காட்சி. கம்ப்யூட்டரில் செய்யலாமே என்று கேட்டேன்.

"வேணாம்மா. பார்க்கிறவங்களுக்கு அவங்கவங்க தோலே கூசணும்லா" என்றார்.

நடிகர் ஷாகுல், தங்கமான பிள்ளை. சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் இருக்கும் என் பட்டறைக்கு அவரை வரவைத்து, பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பசையில் அவர் வலது கையை அச்செடுத்து, சிலிக்கானில் மெல்லிய உறை செய்தேன். விரல் ரேகைகூட அப்படியே விழுந்திருந்தது. தடிமன் சரிதானா என்று பார்க்க, பட்டப்பகலில், நானே ஒருமுறை மாட்டிப் பார்த்தேன்.

ஏர்கான் ஓடிக்கொண்டிருந்த அறையில் அது சூடாக இருந்தது. கழற்றப் போனால் வரவில்லை, உள்ளிருந்து யாரோ என் விரல்களைப் பிடித்துக்கொண்டது போல. பவுடர் கொட்டி, எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் போராடிக் கழற்றினேன். விரல் நுனிகள் கைக்குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தன.

அன்று மாலை, மார்சிலிங்கில் என் வீட்டுக் கதவு திறக்கவில்லை. விரல் ரேகை வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு. எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்கு. கடைசியில் எண்களை அழுத்தித்தான் உள்ளே போனேன். ரசாயனம் பட்டு ரேகை தேய்ந்திருக்கும், திரும்ப வந்துவிடும் என்றார் கிளினிக் டாக்டர். சொன்ன மாதிரியே இரண்டு மாதத்தில் ரேகை வந்தது, வலது கட்டைவிரலைப் பூட்டில் புதிதாகப் பதிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்கிறது. அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. எட்டிப் பார்த்தால் ஷாகுல், கையில் கல்யாணப் பத்திரிகையோடு.

"சாரிக்கா, பெல்லுன்னு நினைச்சு பூட்டைத் தொட்டுட்டேன். கதவு தன்னால திறந்துடுச்சு. சரியா பூட்டலையா?"

"ஆமா, மறந்துட்டேன்" என்றேன்.

அவர் டீ குடித்துவிட்டுப் போகும்வரை அந்த வலது கையைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். போனதும் என் ஃபோனில் பூட்டின் பதிவைத் திறந்தேன். அவர் வந்த நேரத்தில் திறந்தவர் என்று என் பெயர்தான் இருந்தது. வலது கட்டைவிரல்.

மறுநாளே ஆளைக் கூப்பிட்டுச் சாதாரணச் சாவிப்பூட்டு போட்டுவிட்டேன். ஷாகுலிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

போன வாரம் உட்லண்ட்ஸில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கத்தி இறங்கியது போல என் வலது கட்டைவிரல் சுரீரென்றது. பார்த்தேன், காயமில்லை, ரத்தமில்லை. ஆனால் வலி மூன்று நாள் இருந்தது. ஷாகுலுக்கு ஒரு ஃபோன் போட்டு, கையில் எதுவும் பட்டதா என்று கேட்டுவிடலாம்தான். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?