நனைந்தபடி வந்தவர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் சாமி கும்பிடுகிறவள், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன், ஆனால் பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஆள். நீங்களும் சிரிக்கலாம். நடந்ததைத்தான் சொல்கிறேன், சத்தியம்.

புக்கிட் செலம்பாவ் ஊர்ப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் ஒரு முனீஸ்வரர் கோயில். திருவிழாவுக்கு முன்னால் கோயில் கிணற்றைத் தூர் எடுப்பார்கள், அந்தத் தண்ணீரில்தான் அபிஷேகம். ஆள் இறங்குவதற்கு முன்னால் அகல்விளக்கை ஏற்றி வாளியில் வைத்து உள்ளே விடுவது வழக்கம். எதற்கென்று எங்களில் யாருக்கும் தெரியாது, பூசை மாதிரி செய்துகொண்டு வந்தோம். அந்த வருடம் விளக்கு பாதியிலேயே அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி விட்டார்கள், மறுபடியும் அணைந்தது.

"சாமிக்கு ஏதோ மனக்குறை. ஒரு தேங்காய ஒடைங்கப்பா" என்றார் பூசாரி.

உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் விழுந்து கும்பிட்டுவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த என் தம்பி சேகர், "மாமா, தொப்ப மாட்டிக்கப் போவுது லா, பாத்து!" என்று கேலி செய்தான். கீழேயிருந்து சிரிப்பு வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. அலறி அடித்து இழுத்து மேலே போட்டார்கள், உதடு நாவல்பழம் மாதிரி கறுத்திருந்தது, மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை. விளக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறது, நாங்கள் சாமி கோபம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் மறுநாளே கண் திறந்தார். கஞ்சி குடித்தார், பிள்ளைகள் பெயரைச் சரியாகச் சொன்னார். ஆண்டவன் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று நான் அழுதேன். அன்று மத்தியானம் திடீரென்று என் கையைப் பிடித்தார், பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் நொறுங்கியது.

"ஏண்டி, கேட்ல ஜாகா யாரும் இல்லியா?"

அவர் பீடோங்கில் ஒரு பேக்டரியில் ஜாகா, அதாவது காவலாளி. வேலை நினைப்பில் உளறுகிறார் என்று நினைத்தேன். "எந்த கேட்டுங்க? இது ஆஸ்பத்திரி" என்றேன்.

"சொவரு வுட்டுப் போச்சுடி. சந்து சந்தா உள்ள வர்றாங்க. எல்லாம் நனைஞ்சு போயி வர்றாங்க. போகச் சொல்லு, போகச் சொல்லு."

இதைச் சொல்லும்போது அவர் கதவைப் பார்க்கவில்லை. கண்ணை மேலே உருட்டி, தன் தலைக்குள்ளேயே எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்படியே வலிப்பு வந்துவிட்டது.

என்னை வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, தமிழ்ப் பெண்தான், வந்தார். "அக்கா, மூளையில இருக்கற ரத்தக் குழாய்ங்களோட சுவர் காவல் மாதிரி. ரத்தத்துல இருக்கற எல்லாத்தையும் மூளைக்குள்ள விடாது. காத்து கெடைக்காமப் போனதுல அந்தச் சுவர் விட்டுப் போச்சு. தண்ணி உள்ள கசியுது, மூளை வீங்குது. மருந்து குடுத்திருக்கோம். வீக்கம் எறங்கணும்கா, இல்லன்னா கஷ்டம்."

காவல் இல்லை, சுவர் விட்டுப் போச்சு என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் இதேதான். அதை நான் டாக்டரிடம் வாய்திறந்து சொல்லவே இல்லை.

வீங்கின மூளைதானே அப்படிப் பேச வைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் மகனைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா வெளியே வந்தார். என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு மலாயில் கேட்டார்: உங்களுக்கு இவ்வளவு சொந்தக்காரர்களா, கட்டிலைச் சுற்றி நின்றார்களே, பாவம், எல்லாருமே நனைந்திருந்தார்கள், வெளியே மழையா?

காலையிலிருந்து என்னைத் தவிர ஒருவரும் அவரைப் பார்க்க வரவில்லை. சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "முனியப்பா, எங்க எல்லைக்குக் காவல் நிக்கிறவன் நீ, அவரு தலைக்கும் வந்து காவல் நில்லுப்பா" என்று இதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தேன், தரையில்.

வீக்கம் இறங்கியது. பிழைத்தார், வேலைக்கும் திரும்பினார். ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்பார், நானும் கிளறியதில்லை.

ஆனால் போன மாதம் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுக்குள் தண்ணீர் போனவர் மாதிரி உள்ளங்கையால் தட்டினார்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. மத்தவங்கள்லாம் போயிட்டாங்க. இவரு ஒருத்தருக்குத்தான் வழி தெரியலையாம்."

சொல்லிவிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். யார் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை, ராத்திரி அவர் பக்கத்தில் படுக்கவே பயமாக இருக்கிறது.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கிணற்றில் விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பதையும் விடாமல் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக எதையும் கூட்ட வேண்டாம், நம்ப மாட்டார்களே என்று எதையும் குறைக்கவும் வேண்டாம். நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னால் போதும்.